காவலும் களைப்பும்

நள்ளிரவில் மதுரை மாநகரின் தெருக்களைச் சுற்றி வந்த ஊர்க்காவலரை மதுரைக்காஞ்சி பாடுகின்றது. மழைநீர் தெருவில் பெருக்கெடுத்து ஓடும் பாதியிரவிலும் சோர்வின்றி எழுந்து செல்லும் அவர்தம் ஊக்கத்தை மாங்குடி மருதனார் வியந்து போற்றுகின்றார். அவர்களுடைய அஞ்சாமை பாட்டில் இருக்கின்றது, விழிப்பும் இருக்கின்றது. ஆனால் விடிந்தபின் அவர்கள் எத்தனை நாழிகை உறங்கினர், நனைந்த உடம்பை எங்கே உலர்த்தினர், அடுத்த இரவும் அவர்களே காவலுக்கு வந்தனரா என்னும் செய்திகளுக்கு அப்பாட்டில் இடமில்லை.

இது புலவரின் குறையன்று. காவல் செய்வோனை உலகம் நெடுங்காலமாகப் பார்த்துவந்த முறையே அது. மலாய் மொழியில் காவலருக்கு 'மாத்தா மாத்தா' என்னும் பெயர் வழங்கியது. 'மாத்தா' என்றால் கண் என்பது இவ்வட்டாரத் தமிழர் அனைவரும் அறிந்ததே. ஊரின் கண்ணாக இருப்பவன் காவலன் என்னும் கருத்து உயர்ந்ததுதான். ஆயினும் அந்தக் கண்ணைத் தாங்கி நிற்கும் கால்களும், பசிக்கும் வயிறும், குளிரில் நடுங்கும் உடலும் அவனுக்கு உண்டு என்பதைச் சட்டமும் சமுதாயமும் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் காலத்தின் கதையே காவற்படைகளின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதியாகும்.

இலண்டன் தந்த முன்மாதிரி

சீருடை அணிந்து, மாதந்தோறும் அல்லது வாரந்தோறும் ஊதியம் பெற்று, இரவும் பகலும் முறைவைத்துத் தெருவில் நடக்கும் காவலர் என்னும் அமைப்புக்கு இலண்டன் மாநகரக் காவற்படை பெரும் முன்மாதிரியாக விளங்கியது. உள்துறை அமைச்சராக இருந்த இராபர்ட் பீல் 1829ஆம் ஆண்டில் அதற்குரிய சட்டத்தை நிறைவேற்றினார். சார்லசு ரோவன், ரிச்சர்டு மெய்ன் என்னும் இருவர் அதன் முதல் ஆணையர்களாக அமர்ந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் மாலையில் முதற் காவலர்கள் இலண்டன் தெருக்களில் இறங்கினர்.

அவர்களுக்கு வாரத்துக்கு 21 சில்லிங் ஊதியம். அதிலிருந்து உடைக்கும் ஒரு தொகை பிடித்துக்கொள்ளப்பட்டது. வாரத்தில் ஏழு நாளும் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றோ, திருநாள் என்றோ விலக்கு இல்லை. கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. பதிவேட்டில் முதல் எண்ணைப் பெற்ற காவலரே வேலைக்கு வந்த முதல் நாளில் குடித்திருந்த குற்றத்துக்காக நீக்கப்பட்டார். சேர்ந்தவர்களில் மிகப் பலர் சில ஆண்டுகளுக்குள் தாமாக விலகினர், அல்லது விலக்கப்பட்டனர்.

மக்களும் அவர்களை வரவேற்கவில்லை. அரசாங்கத்தின் ஒற்றர்கள் என்று அவர்களை ஐயுற்றனர்; தெருவில் ஏளனப் பெயர்களால் அழைத்தனர். 1833ஆம் ஆண்டு மே மாதத்தில் கோல்டுபாத் ஃபீல்ட்சு என்னுமிடத்தில் ஒரு கூட்டத்தைக் கலைக்கச் சென்ற இராபர்ட் கல்லி என்னும் காவலர் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய இறப்பை ஆராய்ந்த நடுவர் குழுவினர், அது நியாயமான கொலையே என்று தீர்ப்புக் கூறினர். அத்தீர்ப்பு பின்னர்த் தள்ளப்பட்டது. எனினும் அன்று அந்நடுவர்களை மக்கள் மாலையிடாத குறையாகக் கொண்டாடினர். ஒரு காவலனின் உயிருக்கே அன்று அவ்வளவுதான் மதிப்பு. அவனுடைய கால்வலியை எண்ணிப்பார்ப்பார் யார்?

உடை தந்த துன்பம்

முதற் காவலரின் உடை, அணிவோனின் வசதிக்காக அமைந்ததன்று. பார்ப்போருக்குப் போர்வீரனாகத் தோன்றக் கூடாது. அதே வேளையில் மதிப்புக்குரியவனாகவும் தோன்றவேண்டும். ஆகவே நீலநிறத்தில் வால்வைத்த மேலங்கியும், உயரமான தொப்பியும் கொடுத்தனர். உறுதிக்காகத் தோல் வைத்துத் தைக்கப்பட்ட அத்தொப்பி கனமாக இருந்தது. கழுத்தை நெரிக்கும் கள்வரிடமிருந்து காப்பதற்காகத் தடித்த தோற்பட்டை ஒன்றைக் கழுத்தில் இறுக்கிக் கட்டினர். அது கள்வரைத் தடுத்ததோ இல்லையோ, காவலரின் தலையை எளிதில் திரும்பவிடாமல் தடுத்தது. கோடையில் வியர்வையும் தோலும் சேர்ந்து கழுத்தைப் புண்ணாக்கின. 1860களில்தான் உயரத் தொப்பியும் வாலங்கியும் மறைந்து, தலைக்கவசமும் முழு மேற்சட்டையும் வந்தன.

இரவுக் காவலர் இடுப்பில் எண்ணெய் விளக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு நடக்கவேண்டும். அது சூடேறிப் புகைந்தது. எண்ணெய் கசிந்து உடையைக் கறைப்படுத்தியது. கறைபட்ட உடையோடு மேலதிகாரியின் முன் நின்றால் அதற்கும் தண்டனை உண்டு. கடுங்குளிர் இரவுகளில் அவ்விளக்கின் சூடே காவலருக்குத் துணையாகவும் இருந்தது. துன்பம் தந்த பொருளையே ஆறுதலாகக் கொள்ளவேண்டிய நிலையில் அவர்கள் இருந்தனர்.

தொடக்கத்தில் வேலை முடிந்த பின்னரும் சீருடையைக் கழற்றிவிட்டு வெளியே செல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. மாற்றுடையில் திரிந்தால் ஒற்றன் என்று மக்கள் ஐயுறுவர் என்பதே காரணம். இதனால் வேறொரு சிக்கல் தோன்றியது. ஓய்வுநேரத்தில் சீருடையுடன் ஓரிடத்தில் நிற்கும் காவலரைக் கண்டவர்கள், வேலைநேரத்தில் சோம்பி நிற்பதாகக் குற்றஞ்சாட்டினர். ஆகவே பணியில் இருக்கும்போது மட்டும் கைமுனையில் நீலமும் வெள்ளையுமான வரிப்பட்டை ஒன்றை அணியவேண்டும் என்று 1830ஆம் ஆண்டில் விதி வகுத்தனர். அப்பட்டை 1968ஆம் ஆண்டுவரை வழக்கில் இருந்தது. ஒரு மனிதன் தனக்குரிய ஓய்வில் இருக்கின்றான் என்பதைக்கூட ஊராருக்கு அடையாளம் காட்டி மெய்ப்பிக்கவேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

நடையும் நிலையும்

காவலர் தமக்குரிய சுற்றுவழியை மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் நடக்கவேண்டும் என்பது விதி. இரவுக்காவல் பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடியும். எட்டு மணிநேரத்தை இரண்டரையால் பெருக்கிப் பார்த்தால் ஓர் இரவுக்கு 20 மைல் ஆகின்றது. விரைந்தும் நடக்கக் கூடாது. நின்றும் விடக் கூடாது. மேற்பார்வையாளர் எந்த நேரத்தில் எந்த மூலையில் காவலரைத் தேடுவார் என்பது கணக்கிடப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் அந்த மூலையில் இல்லாதவர் மறுநாள் விளக்கம் சொல்லவேண்டும். படையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இரவுக்காவலில் இருந்தமையால், ஆண்டின் பெரும்பகுதியைப் பகலில் உறங்கியே அவர்கள் கழித்தனர்.

உட்காரக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. தேவையின்றி எவரோடும் பேசக் கூடாது. பணிநேரத்தில் மதுக்கடைக்குள் நுழையக் கூடாது. இடங்கொடுத்த கடைக்காரருக்கும் தண்டம் உண்டு. இவ்விதிகள் ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் இருந்தது. ஆனால் அன்றைய இலண்டனில் மழைக்கு ஒதுங்கவும், சூடாக ஏதேனும் பருகவும், உடற்கடன் கழிக்கவும் திறந்திருந்த இடங்களுள் மதுக்கடையே முதன்மையானது. அதனை மூடியவர்கள் அதற்கு மாற்றாக வேறு ஓர் இடத்தைத் திறந்துவைக்கவில்லை. கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைக் கதவு மறைவில் நின்றபடி விழுங்குவதே பலருக்கு உணவு வேளையாக இருந்தது.

இரவில் ஒரு திருடனைப் பிடித்த காவலர் காலையில் வீடு செல்ல இயலாது. நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருந்து, வழக்கை எடுத்துரைத்துவிட்டு, நண்பகலுக்குப் பின் படுக்கைக்குச் செல்லவேண்டும். அதற்கு ஈடாக ஓய்வும் இல்லை. கூடுதல் கூலியும் இல்லை. அன்று இரவு பத்து மணிக்கு மீண்டும் தெருவில் நிற்கவேண்டும். கடமையைச் செவ்வனே செய்தவனுக்கு உறக்கமின்மையே பரிசு. கண்ணை மூடிக்கொண்டவனுக்கு நல்ல உறக்கம். இத்தகைய ஏற்பாடு நேர்மையை வளர்க்குமா, கெடுக்குமா என்பதை அன்றைய ஆட்சியாளர் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

மழையும் பனியும் மாறி மாறித் தாக்கியதால் மூட்டுவலியும் மார்புநோயும் காவலரின் தொழில்நோய்கள் ஆயின. தட்டைப்பாதம் அவர்களைப் பற்றிய கேலிப்பேச்சாகவே மாறிற்று. நோயுற்றுப் படுத்த நாள்களில் ஊதியத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. கேத்தரின் கர்னி என்னும் பெண்மணி காவலரின் நலனுக்காக உழைக்க முன்வந்தார். அவருடைய முயற்சியால் 1890களில் ஹோவ் கடற்கரையில் நோயுற்ற காவலர் தங்கி உடல் தேறுவதற்கான இல்லம் அமைந்தது. அரசு செய்யவேண்டியதை அறவுணர்வுடைய ஒருவர் செய்தார்.

ஒரு நாள் ஓய்வுக்காக

இத்துன்பங்களை எடுத்துச் சொல்லும் உரிமையும் காவலருக்கு இல்லை. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையே 1887ஆம் ஆண்டில்தான் அவர்களுக்குக் கிடைத்தது. 1872ஆம் ஆண்டில் இலண்டன் காவலர் சிலர் வேலைக்குச் செல்ல மறுத்தனர். 1890ஆம் ஆண்டில் போ தெரு நிலையத்தில் மீண்டும் மறுப்பு எழுந்தது. இரு முறையும் பலர் வேலையிழந்தனர். எனினும் அந்த 1890ஆம் ஆண்டிலேயே 25 ஆண்டு உழைத்தவருக்கு ஓய்வூதியம் உரிமை என்னும் சட்டம் வந்தது.

வார ஓய்வுக்கான போராட்டம் தெருவில் அன்றி ஏட்டில் நடந்தது. 1893ஆம் ஆண்டில் ஜான் கெம்ப்சுடர் என்பவர் காவலருக்கென ஓர் இதழைத் தொடங்கினார். தம் பெயரை வெளியிட்டுப் பேச அஞ்சிய காவலரின் குறைகள் அவ்விதழின் வழியாக நாட்டுக்குத் தெரியவந்தன. ஏழு நாளில் ஒரு நாளேனும் ஓய்வு வேண்டும் என்று அது இடைவிடாது எழுதியது. 1908ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு தெரிவுக்குழுவை அமைத்து இக்கோரிக்கையை ஆராய்ந்தது. அதன் பயனாக 1910ஆம் ஆண்டில் காவலர் வார ஓய்வுநாள் சட்டம் நிறைவேறியது. முதற் காவலர் தெருவில் இறங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால், வாரத்தில் ஒரு நாளைப் பெறுவதற்கு 81 ஆண்டுகள் ஆயின.

அச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும் வேளையில் 1914ஆம் ஆண்டில் உலகப்போர் மூண்டது. ஓய்வுநாள் நிறுத்திவைக்கப்பட்டது. விலைவாசி ஏறியது, ஊதியம் அதற்கு ஈடாக ஏறவில்லை. போர்க்களத்துக்குச் சென்றோரின் வேலையையும் எஞ்சியிருந்தோர் சுமந்தனர். 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் இலண்டன் காவலருள் பெரும்பாலோர் வேலைநிறுத்தம் செய்தனர். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. தலைமையமைச்சர் லாயிடு ஜார்ஜ் அவர்களுடைய பேராளரை அழைத்துப் பேசி, ஊதியத்தை உயர்த்த இசைந்தார். ஆணையர் எட்வர்டு ஹென்றி பதவி விலகினார்.

ஆனால் சங்கம் வைக்கும் உரிமையை அரசு ஏற்கவில்லை. 1919ஆம் ஆண்டில் டெசுபரோ பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. காவலரின் ஊதியமும் பணிநிலையும் எவ்வளவு தாழ்ந்திருந்தன என்பதை அக்குழு வெளிப்படையாக எடுத்துரைத்து, கணிசமான ஊதிய உயர்வைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வந்த காவலர் சட்டம், காவலர் தொழிற்சங்கத்தில் சேர்வதைத் தடைசெய்து, அதற்கு மாற்றாகக் காவலர் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. சட்டம் வருவதற்குச் சற்று முன்பு, சங்கத்தைக் காப்பதற்காக இரண்டாம் வேலைநிறுத்தம் நடந்தது. இலண்டனில் 1,156 பேர் மட்டுமே அதில் கலந்துகொண்டனர். லிவர்பூலில் ஏறத்தாழ பாதிக் காவலர் வெளியேறினர். அந்நகரில் கொள்ளையும் கலகமும் மூண்டன, படையினர் வந்தனர், போர்க்கப்பலும் வந்தது.

வேலைநிறுத்தம் செய்த 2,300க்கும் மேற்பட்டோர் அனைவரும் நீக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரும் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. பல்லாண்டு உழைத்து ஓய்வூதியத்தை நெருங்கியிருந்தவரும் வெறுங்கையோடு வீடு திரும்பினர். ஊதிய உயர்வும் ஓய்வும் வேலையில் தங்கியவருக்கும், பின்னர் வந்தவருக்கும் கிடைத்தன.

அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் பாசுடன் நகரிலும் இக்கதை நிகழ்ந்தது. அந்நகரக் காவலர் வாரத்துக்கு 73 மணிநேரம் முதல் 98 மணிநேரம்வரை உழைத்தனர். எலியும் பூச்சியும் நிறைந்த நிலையங்களில் ஒருவர் எழுந்த படுக்கையில் மற்றொருவர் படுத்தனர். சீருடையைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கினர். 1,544 பேரில் 1,117 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களையும் திரும்ப எடுக்கவில்லை. அவர்களுடைய இடத்துக்கு வந்த புதியவருக்கோ உயர்ந்த ஊதியமும் விலையில்லாச் சீருடையும் கொடுத்தனர். கேட்டது நியாயமற்றது என்றால் புதியவருக்கு ஏன் கொடுத்தனர்? நியாயம் என்றால் பழையவரை ஏன் திரும்ப ஏற்கவில்லை? காவலர் வேலைநிறுத்தம் செய்தால் ஊர் தீப்பற்றும் என்பது லிவர்பூல் காட்டிய உண்மை. முறையாகக் கேட்டபோது செவிசாய்க்காத அரசுக்கு அத்தீயில் பங்கில்லை என்று கூறுவதும் பொருந்தாது.

ஒரு முக்காலியும் ஒரு கூரையும்

பெரிய சட்டங்கள் தராத ஆறுதலைச் சில வேளை சிறிய பொருள்கள் தந்துவிடுகின்றன. 1920களில் சண்டர்லாந்து நகரின் காவல் தலைவர் ஃபிரடெரிக்கு குரோலி, தெருக்களில் தொலைபேசியோடு கூடிய சிறு காவற்கூண்டுகளை நிறுவினார். 1929ஆம் ஆண்டு முதல் இலண்டனிலும் நீலநிறக் கூண்டுகள் எழுந்தன. ஓர் ஆள் நிற்கும் அளவே அகலமுடைய அக்கூண்டினுள் ஒரு முக்காலி, ஒரு சிறு மேசை, ஒரு மின்கணப்பு ஆகியவை இருந்தன. காவலர் அதனுள் அமர்ந்து உணவு உண்ணலாம், அறிக்கை எழுதலாம், நனைந்த கையைச் சூடேற்றிக்கொள்ளலாம். தலைமையிடத்தோடு விரைந்து செய்தி பேசுவதற்காகவே அவை அமைக்கப்பட்டன. ஆயினும் தெருவில் நடக்கும் காவலன் சட்டப்படி உட்காரத்தக்க ஓர் இருக்கை அதனால் கிடைத்தது. படை தோன்றி நூறாண்டு நிறைந்த ஆண்டில் அந்த முக்காலி வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

வெயில் நாட்டுக் காவலர்

இலண்டனில் குளிர் செய்த கொடுமையை நம் நாடுகளில் வெயில் செய்தது. சிங்கப்பூரின் காவற்படை 1820ஆம் ஆண்டில் ஃபிரான்சிசு பெர்னார்டு என்பவரின் கீழ்ப் பன்னிரண்டு பேரோடு தொடங்கியது. 1881ஆம் ஆண்டில் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர் படைப்பிரிவு ஒன்று அதில் சேர்ந்தது. தாய்நாட்டைப் பிரிந்து, குடும்பத்தை விட்டு, பாசறையில் தங்கி வாழ்ந்த அவர்களுக்குக் காவல் என்பது நாடுகடந்த தனிமையாகவும் இருந்தது.

இரண்டாம் உலகப்போருக்கு முந்திய காலத்தில் சிங்கப்பூரின் நாற்சந்திகளில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்திய காவலரின் தோற்றம் பழைய நிழற்படங்களில் பதிவாகியுள்ளது. பிரம்பினால் பின்னப்பட்ட நீண்ட இறக்கைகளை முதுகில் கட்டிக்கொண்டு அவர்கள் நின்றனர். கையை நாள் முழுவதும் நீட்டிக்கொண்டிருக்க எவராலும் இயலாது. ஆகவே கைக்குப் பதிலாக இறக்கை நீண்டிருந்தது. காவலர் உடலைத் திருப்பினால் வண்டிகள் நின்றன, சென்றன. கைவலிக்கு இது நல்ல தீர்வுதான். ஆனால் நண்பகல் வெயிலில் முதுகில் பிரம்புச் சுமையோடு நிற்கும் கால்களுக்கு அது தீர்வு தரவில்லை. வேடிக்கை பார்த்தோர் இறக்கையைக் கண்டனர்; அதைச் சுமந்தவரின் முதுகைக் கண்டவர் சிலரே. 1948ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் முதல் தானியங்கி விளக்குக் கம்பம் சந்தியில் எழுந்தது. மனிதன் நின்ற இடத்தில் கம்பம் நிற்கத் தொடங்கியபோதுதான், அதுவரை மனிதனைக் கம்பமாக நிறுத்தியிருந்தோம் என்பது விளங்கியது.

தமிழகம் காட்டும் பாடம்

பிரிட்டிசு ஆட்சி இந்தியாவில் அமைத்த காவற்படையின் அடித்தளம் இன்னும் கடுமையானது. 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம் தன் 22ஆம் பிரிவில், காவல் அலுவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று விதித்தது. அவசரத்துக்கு அழைத்தால் வரவேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. ஆனால் எப்போதும் அழைக்கலாம் என்னும் வழக்கமாக அது மாறிற்று. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அவ்வழக்கம் தொடர்ந்தது. 1977ஆம் ஆண்டில் தரம் வீரா தலைமையில் அமைந்த தேசியக் காவல் ஆணையம் தன் முதல் அறிக்கையிலேயே கீழ்நிலைக் காவலரின் பணிநிலையை ஆராய்ந்தது. ஆயினும் 2019ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தியக் காவல்நிலை பற்றிய ஆய்வு, காவலர் நாளொன்றுக்குச் சராசரி 14 மணிநேரம் உழைப்பதாகக் கண்டது. ஏறத்தாழ இருவரில் ஒருவருக்கு வார ஓய்வே இல்லை என்றும் அது கூறியது.

காவலர் பட்ட சிறுமைகளுள் மனத்தை மிகவும் வருத்துவது ஆர்டர்லி முறையாகும். சட்டத்தைக் காக்கப் பயிற்சி பெற்ற ஒருவரை மேலதிகாரியின் வீட்டில் எடுபிடி வேலைக்கு வைத்துக்கொள்வதே அது. தமிழ்நாட்டு அரசு 1979ஆம் ஆண்டிலேயே அதனை ஒழித்து ஆணையிட்டது. எனினும் 2022ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அம்முறையை முற்றாக நீக்குமாறு கண்டிப்பாகக் கூறவேண்டியிருந்தது. ஆணை பிறந்து 43 ஆண்டுகள் கழிந்த பின்னும் வழக்கம் சாகவில்லை என்பதே இதன் பொருள்.

பெண்காவலரின் நிலை இன்னும் நுட்பமானது. தமிழ்நாட்டுக் காவற்படையில் 1973ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பெண்கள் சேர்க்கப்பட்டனர். 1992ஆம் ஆண்டில் சென்னையில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தோன்றியது. பதவிகள் திறந்தன, ஆனால் அவற்றோடு திறக்கவேண்டிய கழிப்பறைகள் பல இடங்களில் திறக்கவில்லை. தலைவர்கள் செல்லும் வழியில் பந்தோபஸ்துக்காகப் பல மணிநேரம் சாலையோரத்தில் நிற்கும் பெண்காவலர், தண்ணீர் குடிக்கவே அஞ்சுவர். குடித்தால் ஒதுங்க இடமில்லை. மாதவிலக்கு நாள்களில் அவர்கள் படும் அல்லலைச் சொல்லவேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், முதலமைச்சர் செல்லும் சாலைகளில் பெண்காவலரை அவ்வாறு நிறுத்தவேண்டா என்று ஆணை பிறந்தது. முதலமைச்சர் மு. க. ஸ்டாலினின் அறிவுறுத்தலே அதற்குக் காரணம். அதே ஆண்டில் கீழ்நிலைக் காவலருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு அளிக்கும் ஆணையும் தமிழ்நாட்டில் வெளிவந்தது. இங்கிலாந்தில் 1910ஆம் ஆண்டில் சட்டமான ஓர் உரிமை, அவ்வாட்சி விட்டுச்சென்ற நிலத்தில் எழுத்துவடிவம் பெற மேலும் 111 ஆண்டுகள் ஆயின. எழுத்தில் உள்ளது எல்லா நிலையங்களிலும் நடைமுறையாக வேண்டும் என்பதற்கு ஆர்டர்லி முறையின் வரலாறே எச்சரிக்கையாகும்.

வரலாறு உணர்த்துவது

காவலரால் துன்புற்ற மக்களின் வரலாறும் உலகில் உண்டு. தடியடிபட்டவரும், பொய்வழக்கில் சிக்கியவரும், காவல்நிலையத்தில் உயிரிழந்தவரும் பலர். காவலரின் களைப்பைக் காட்டி அக்குற்றங்களை மன்னித்துவிட இயலாது. உறக்கமில்லாத எல்லாரும் கொடியவர் ஆவதில்லை. ஆனால் இவ்விரு வரலாறுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று கொள்வதும் தவறாகும். 14 மணிநேரம் நின்றவரின் முன் ஓர் ஏழை முறையிட வருகின்றார் என்று கொள்வோம். அந்த ஏழைக்குக் கிடைக்கும் சொல், பெரும்பாலும் அந்தக் கால்வலியின் சொல்லாகவே இருக்கும். மேலதிகாரியின் வீட்டில் பாத்திரம் துலக்கிய கை, மறுநாள் மக்களின் தன்மானத்தைப் போற்றும் என்று எதிர்பார்ப்பது எளிதன்று. தனக்கு வழங்கப்படாத மதிப்பை ஒருவன் பிறர்க்கு வழங்குவது அரிது.

மேலே கண்ட துன்பங்களுள் இயற்கையாக வந்தவை மழையும் வெயிலும் மட்டுமே. உட்காரக் கூடாது என்பது மனிதர் எழுதிய விதி. ஏழு நாளும் வேலை என்பது மனிதர் செய்த கணக்கு. கழிப்பறை இல்லாத சாலையில் பெண்ணை நிறுத்தியது மனிதரின் மறதி. மனிதர் செய்தவற்றை மனிதர் மாற்ற இயலும் என்பதற்கு ஒரு முக்காலியும், ஒரு கூண்டும், வாரத்தில் ஒரு நாளும் சான்றாக நிற்கின்றன. அவற்றைக் கேட்டதற்காக வேலையிழந்து, கேட்டது கிடைத்ததைத் தாம் நுகராமலேயே மறைந்த இலண்டன், லிவர்பூல், பாசுடன் காவலரின் பெயர்கள் எந்த நடுகல்லிலும் பொறிக்கப்படவில்லை.

மதுரையின் ஊர்க்காவலரைப் பாடிய புலவர் அவர்தம் விழிப்பை நமக்குத் தந்தார். ஊர் உறங்குவதற்காக விழித்திருந்தவனுக்கும் உறங்க ஒரு நேரம் வேண்டும் என்பதைப் பிற்கால வரலாறு சொல்லித்தந்தது. வகுப்பறையில் அப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விரண்டையும் சேர்த்தே மாணவர்க்குச் சொல்வாராயின், தெருமுனையில் நிற்கும் காவலரை மாணவர் கண்ணாக மட்டுமன்றி மனிதராகவும் காண்பர்.